மிதிக்காத பாத்தி

மலைக்காட்டு ஓரத்தில் இருந்த அந்த நாற்றங்காலில் வேலை செய்தவர்களுக்கு எதிரி என்று ஒன்று உண்டென்றால் அது மண்மூஞ்சூறுதான். அதைப் பார்த்தவர் குறைவு, திட்டாதவர் கிடையாது. காட்டு மரங்களுக்கடியில் விதை பொறுக்கி வந்து, ஊறவைத்து, பாத்தியில் ஊன்றி, பூவாளியால் தண்ணீர் தெளித்து, நிழலுக்கு வலை கட்டி, கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வார்கள். நாற்று இரண்டு இலை விட்டு நிமிர்ந்த நேரமாகப் பார்த்து ஒருநாள் காலையில் பாத்தி நெடுக மண் வரப்பாக எழும்பி வெடித்துக் கிடக்கும். வேரெல்லாம் அந்தரத்தில் தொங்கும். வெயில் ஏறுவதற்குள் நாற்று தலை சாய்ந்துவிடும்.

இத்தனைக்கும் அது வேரைத் தின்பதில்லை, இலையைத் தொடுவதில்லை. மண்புழுவைத் தேடி மண்ணுக்குள்ளேயே வழி தோண்டிக்கொண்டு போகிறது. போகிற வழியில் நாற்று நிற்கிறது, அவ்வளவுதான் விஷயம்.

"நம்ம மேல அதுக்கு ஒரு கோவமும் இல்ல. அதான் எனக்கு இன்னும் கடுப்பா இருக்கு," என்பாள் அக்காக்காரி.

அவள் நாற்றங்கால் மேஸ்திரியின் மனைவி. மண்ணும் எருவும் சலித்துக் கலந்து நாற்றுப் பைகளில் அடைப்பது அவள் வேலை. மேஸ்திரி மனைவி என்று யாரும் அவளைக் கூப்பிடவில்லை. எந்த நேரமும் ஒரு தம்பி "அக்கா, அக்கா" என்று அவள் பின்னாலேயே நின்றதால், அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் அக்காக்காரி ஆகிவிட்டாள். அந்தத் தம்பிக்குச் சாவகாசம் என்று பெயர் வைத்தது யார் என்று தெரியவில்லை. யார் வைத்திருந்தாலும் அவர் வாயில் சர்க்கரை போடலாம், அப்படிப் பொருந்திய பெயர். வாளியை எடுத்துவரச் சொன்னால் வாளி வரும், ஆனால் வேலை முடிந்த பிறகு வரும். நடக்கும்போது தும்பி போனால் நிற்பான். தும்பி போகாவிட்டால், ஏன் இன்னும் தும்பி வரவில்லை என்று நிற்பான். கெட்டவன் இல்லை, சுத்தமாகக் கெட்ட எண்ணமே இல்லை. கெட்ட எண்ணத்துக்கும் கொஞ்சம் சுறுசுறுப்பு வேண்டுமே.

மேஸ்திரியோ நேர் எதிர். சூரியன் அவரைக் கேட்டுக்கொண்டு வருகிறதோ என்று தோன்றும். மண்மூஞ்சூறைப் பிடிப்பதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். தினமும் காலையில் எழும்பிக் கிடக்கிற எல்லா வரப்பையும் வெறுங்காலால் மிதித்து அமுக்கிவிட வேண்டும். செருப்புப் போடக் கூடாது. அடியில் குழி இருக்கிறதா இல்லையா என்பதைக் குதிகால்தான் சொல்லும். மறுநாள் எது மறுபடி எழும்பியிருக்கிறதோ அது உயிர் வழி, எழும்பாதது செத்த வழி. உயிர் வழியில் மட்டும் பொறி வைக்க வேண்டும். மிதிக்காமல் விட்டால் எது உயிர், எது செத்தது என்று தெரியாது, பொறி வீண். மிதிக்கிற வேலையைத்தான் அவர் மச்சினனிடம் கொடுத்திருந்தார். அதைவிடச் சுலபமான வேலை நாற்றங்காலில் கிடையாது.

மழைக்காலம் அது. பத்து நாள் சேர்ந்தாற்போல் பெய்து ஓய்ந்து மறுபடி பெய்யும். ஒருநாள் சாவகாசம் விதைப்பாத்திக்குத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, சாக்கு மூட்டைமேல் சாய்ந்து தூங்கிவிட்டான். விழித்துப் பார்த்தபோது பாத்தியும் இல்லை, விதையும் இல்லை, எல்லாம் ஓடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. அன்று மேஸ்திரி கத்தவில்லை. அதுதான் அக்காக்காரிக்குப் பயமாக இருந்தது. அவர் கத்தினால் கஞ்சி குடிப்பதற்குள் அடங்கிவிடுவார், கத்தாவிட்டால் முடிவெடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

"இந்த மழை முடியட்டும்," என்றார் தட்டைத் தள்ளி வைத்து. "உன் தம்பியை அவன் பொழப்பைப் பாத்துக்கச் சொல்லு."

"எங்கங்க போவான்?"

"எங்கயாவது போகட்டும். கால் இருக்குல்ல?"

"கால் இருக்கு. அது நடக்கணுமே," என்றாள். சிரிக்க வைத்துவிடலாம் என்றுதான் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

"விளையாட்டு இல்ல. ஒரு ஆளை மேய்க்கவே எனக்கு நேரம் போதல. நாளைக்கு இன்னொரு பாத்தி போச்சுன்னா முதலாளி என்னைத்தான் கேப்பாரு. இதுல என் மரியாதையும் சேர்ந்து போகுது."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. அம்மா போனபோது தம்பிக்குப் பால்பல் விழவில்லை. இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள்தான். கல்யாணமாகி வந்தபோது கூடவே வந்தவன், மேஸ்திரியும் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்கு அவனை வெளியே அனுப்பினால் எந்த ஊரில் எவன் சோறு போட்டு எழுப்பிவிடப் போகிறான்? இந்த மழை முடியாமலே இருந்தால் நல்லது என்று அவள் நினைத்தாள். நாற்றங்காலில் வேலை செய்கிறவள் நினைக்கக் கூடாத நினைப்பு அது.

மேட்டில் மண் சரிந்த நாள் காலையில் மேஸ்திரி டீயை நின்றபடியே குடித்துக்கொண்டிருந்தார். மேட்டு ஓடையிலிருந்து நாற்றங்காலுக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாயைப் புதைக்க, ஓரப் பாத்தியை ஒட்டி நீளமாகப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். ஆள் இறங்கினால் தோள் மறையும். குழாயில் எங்கோ ஒரு மூட்டு கசிகிறது, பார்த்து அடைக்க வேண்டும்.

"பாத்தியெல்லாம் மிதிச்சியா?" என்று கேட்டார்.

"மிதிச்சாச்சு மாமா."

"ஓரப் பாத்தி?"

"அதையுந்தான்."

அக்காக்காரி தம்பியின் காலைப் பார்த்தாள். ஓரப் பாத்தி மட்டும் செம்மண். மழையில் அது சகதியாகக் கிடந்தது, இறங்கினால் கணுக்கால்வரை சிவந்துவிடும், கழுவினாலும் லேசில் போகாது. தம்பியின் காலில் ஒட்டியிருந்தது கறுப்பு மண்தான். அவன் அக்காவைப் பார்த்தான், அக்கா அடுப்பைப் பார்த்தாள். இன்னொரு சண்டைக்கு அவளிடம் தெம்பில்லை. மேஸ்திரி தம்ளரை வைத்துவிட்டு மண்வெட்டியும் மழைக்கோட்டுமாகக் கிளம்பினார்.

வெயில் கொஞ்சம் தலைகாட்டிய நேரம் அது. ஒரு பெரிய மூட்டையைத் தரையில் போட்டது போலச் சத்தம் கேட்டது. அதிகச் சத்தம்கூட இல்லை. திரும்பிப் பார்த்தபோது ஓரப் பாத்திக்கு மேலே இருந்த மேடு இறங்கி வந்து பள்ளத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. பள்ளம் இருந்த அடையாளமே இல்லை. மேல்கோடியில் மேஸ்திரியின் மழைக்கோட்டு ஒரு வேலிக்கம்பில் தொங்கியது, பக்கத்தில் மண்வெட்டி சாத்தியிருந்தது.

எல்லோரும் அங்கேதான் ஓடினார்கள். கோட்டும் மண்வெட்டியும் இருக்கிற இடத்தில்தானே ஆள் இருக்க வேண்டும்! மண்வெட்டி, கடப்பாரை, கூடை, கையில் கிடைத்ததை எடுத்துத் தோண்டினார்கள். சாவகாசமும் அவர்களோடு தோண்டினான். அக்காக்காரி கையால் பிறாண்டினாள். தோண்டத் தோண்ட மேலிருந்து மண் வழிந்தது. ஒருவர் அவளைப் பிடித்து இழுத்து, "நீ தள்ளிப் போம்மா, உன்னைப் பாத்தா எங்களுக்குக் கை ஓடல," என்று கீழே கொண்டுபோய் விட்டார். கால் எங்கே போகிறது என்று தெரியாமல் நடந்து, ஓரப் பாத்தியின் கீழ்கோடியில் அவள் சகதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகைகூட வரவில்லை.

அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் மண்மூஞ்சூறு தள்ளிய மண் குவியல் ஒன்று இருந்தது. அந்தக் குவியல் முனகியது.

முதலில் தன் தொண்டைதான் என்று நினைத்தாள். வாயைப் பொத்திப் பார்த்தாள். மறுபடியும் முனகியது. பானைக்குள் யாரோ பேசுவது போல ஒரு குரல்.

"டேய் தம்பி! இங்க வாடா! மண்ணு பேசுதுடா!"

மேலே தோண்டிக்கொண்டிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், புத்தி கலங்கிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வந்தவன் தம்பி ஒருத்தன்தான். அவன் ஓடி வந்ததை அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாகப் பார்த்தாள். குப்புறப் படுத்து, குவியலின் மேல்மண்ணை விரலால் விலக்கி, திறந்த துவாரத்தில் வாயை வைத்தான்.

"மாமா! மாமா!"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "எந்தப் பயடா அது மேல நிக்கிறது? மூஞ்சியில மண்ணு கொட்டுதுடா. அறிவில்ல? தள்ளி நில்லுடா!"

தம்பி எழுந்து உட்கார்ந்தான். முகம் பூராவும் சகதி. "அக்கா, திட்டுறாரு! மாமாதான்!" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதான்.

அழுதுகொண்டே பாத்தியைப் பார்த்தான். துவாரத்திலிருந்து மண்மூஞ்சூறின் வழி வரப்பாக எழும்பி, மிதிபடாமல், பாத்தியின் குறுக்கே வளைந்து போய், சரிந்த மண்ணுக்குள் நுழைந்தது. அது நுழைகிற இடம் மழைக்கோட்டு தொங்குகிற இடத்துக்கு வெகு கீழே இருந்தது. மேஸ்திரி கசிகிற இடத்தைத் தேடிக்கொண்டே பள்ளத்துக்குள் குனிந்து குனிந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். "அங்க இல்ல! இங்க! இங்க தோண்டுங்க!" என்று தம்பி கத்தினான். மண்வெட்டி பட்டுவிடுமோ என்று பயந்து அவன் கையாலேயே தோண்டினான். எல்லோரும் இறங்கி வந்தார்கள்.

குழாயும் ஒரு பாறையும் சேர்ந்து முட்டுக் கொடுத்து, மேஸ்திரியின் முகத்துக்கு முன்னால் ஒரு தட்டு அகலத்துக்கு வெற்றிடம் இருந்தது. அந்த வெற்றிடத்தில் பள்ளத்துச் சுவரில் ஒரு துளை. அந்தத் துளையில் உதட்டை ஒட்டவைத்துக்கொண்டு கிடந்தார். ஒரு கால் முறிந்திருந்தது, விலாவில் அடி. வெளியே தூக்கியபோது வெளிச்சம் தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டு, "குழாய் மூட்டு அந்தப் பாறைக்குப் பக்கத்துலதான் கசியுது," என்றார். அதைக் கேட்டு அங்கே சிரிக்காதவரும் இல்லை, அழாதவரும் இல்லை.

தோண்டிய மண்ணோடு இன்னொன்றும் வெளியே வந்து விழுந்தது. உள்ளங்கை அளவு, கறுப்பு, வழவழப்பான மயிர். கண் இருக்கிற இடம் தெரியவில்லை. முன்னங்கால் இரண்டும் வெளிப்பக்கம் திரும்பிய சின்னச் சின்ன மண்வெட்டிகள். வெட்டவெளியில் என்ன செய்வதென்று தெரியாமல் காற்றை நீந்திக்கொண்டிருந்தது. சாவகாசம் அதை எடுத்துத் தன் சோற்று டப்பாவில் மண்ணோடு போட்டு மூடி, மூடியில் ஆணியால் ஓட்டை குத்தினான். மற்றவர்கள் மேஸ்திரியைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு ஓடினார்கள்.

காலில் மாவுக்கட்டோடு மேஸ்திரி வீட்டுக்கு வந்தார். அந்த வாரம் வீடு நிறைய ஆட்கள். முட்டை கொண்டுவந்தவர்கள், விறகு பிளந்து போட்டவர்கள், சும்மா வந்து நின்று அவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனவர்கள் என்று வரிசையாக வந்தார்கள். அக்காக்காரிக்கு யாரைப் பார்த்தாலும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. காலையில் எழுந்ததும் அவர் மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் அடுப்பு மூட்டினாள். குறட்டைக்கு அவள் எத்தனை நாள் அவரைத் திட்டியிருக்கிறாள்! இப்போது அந்தக் குறட்டை கேட்டால் போதும், மனசு நிறைந்துவிடுகிறது.

மேஸ்திரி எல்லோரிடமும் பேசினார், மச்சினனிடம் மட்டும் பேசவில்லை. வந்தவர்கள், "உங்க மச்சான்தான்யா கண்டுபிடிச்சான், பாரு நகமெல்லாம் பிஞ்சு கிடக்கு," என்றால், "ம்," என்பார். அவ்வளவுதான். மழை முடிந்தால் என்ன என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இதற்கு மேலும் அவனை அனுப்புவாரா என்று ஒரு மனசு சொன்னது. அன்று காலையில் அவன் சொன்ன பொய் தெரிந்தால் என்ன ஆகும் என்று இன்னொரு மனசு அடித்துக்கொண்டது. ஏனென்றால் மேஸ்திரி சோம்பேறித்தனத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வார், பொய்யைப் பொறுக்க மாட்டார்.

மண்மூஞ்சூறை ஒரு பெரிய வாளியில் ஈரமண் போட்டு, கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தான் தம்பி.

"இது எதுக்கு இங்க?" என்று மேஸ்திரி மனைவியைக் கேட்டார். மச்சினன் எதிரில்தான் நின்றான்.

"பாவம் மாமா," என்றான் அவன். "அதுக்கும்தானே வீடு இடிஞ்சு போச்சு."

மேஸ்திரி வாளியை எடுக்கச் சொல்லவில்லை.

அதற்குத் தீனி போட்டு மாளவில்லை. தன் எடைக்கு எடை புழு தின்றது. கொஞ்ச நேரம் பட்டினி கிடந்தாலும் சுருண்டுவிடும் போலிருந்தது. சாவகாசம் விடிந்ததிலிருந்து எருக்குழியில் புழு தோண்டினான். தனக்கு வைத்த கஞ்சியை ஆறவைத்து ஆறவைத்து மறந்துபோகிறவன், இதற்கு வேளை தவறாமல் ஊட்டினான். மேஸ்திரி கட்டிலில் படுத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருப்பார். எத்தனையோ பொறி வைத்து எத்தனையோ கொன்றிருக்கிறார், ஒன்றையும் உயிரோடு நிதானமாகப் பார்த்ததில்லை. ஒருநாள் அக்காக்காரி உள்ளே வந்தபோது வாளிக்குள் கையை விட்டு அதன் முதுகை ஒரு விரலால் தடவிக்கொண்டிருந்தார். முன்னும் பின்னும் எந்தப் பக்கம் தடவினாலும் அந்த மயிர் படிந்தது. அவளைக் கண்டதும் கையை எடுத்துக்கொண்டார்.

"இதோட வீட்டுலதான் அன்னைக்கு நான் இருந்தேன்," என்றார், பொதுவாக.

வாரக் கடைசியில் மண்ணம்மா வந்தார். காட்டு உயிர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற பெண்மணி. எப்போது பார்த்தாலும் மண்ணில் மண்டியிட்டுக் கிடப்பதால் அந்தப் பெயர், அப்படிக் கூப்பிட்டால் அவரும் திரும்பிப் பார்ப்பார். வாளிக்குள் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மாடி! இதை உயிரோட நான் இதுவரைக்கும் ரெண்டே தடவைதான் பாத்திருக்கேன். இந்த மலை உச்சிக் காட்டை விட்டா இது எங்கயும் கிடையாது தெரியுமா? எப்ப குட்டி போடும், எத்தனை போடும், எத்தனை வருஷம் இருக்கும், ஒண்ணும் யாருக்கும் தெரியாது. யாரு இதைக் காப்பாத்துனது?"

"என் தம்பிதான்," என்றாள் அக்காக்காரி, வாயெல்லாம் பல்லாக. "அது எங்க வீட்டுக்காரரைக் காப்பாத்துச்சு, இவன் அதைக் காப்பாத்துனான்."

கதை முழுவதையும் மண்ணம்மா வாய் பிளந்து கேட்டார். குரல் வந்த துவாரம், வரப்பைப் பிடித்துக்கொண்டே போய் இடத்தைக் கண்டது, எல்லாவற்றையும் இரண்டாம் முறை சொல்லச் சொன்னார். பிறகு நெற்றியைச் சுருக்கினார். அவர் கெட்ட மனசோடு கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஆனா மேஸ்திரி, நீங்கதான் தினமும் எல்லா வழியையும் மிதிக்க வைப்பீங்களே. மிதிச்சா உள்ள அடைஞ்சு போயிடும். அவ்வளவு நீளத்துக்கு அந்த வழி எப்படித் திறந்தே இருந்துச்சு?"

மேஸ்திரியின் தலை மெதுவாகத் திரும்பியது. அந்த வாரத்தில் முதல்முறையாக மச்சினனை நேராகப் பார்த்தார்.

"ஓரப் பாத்தியையும் மிதிச்சேன்னியே?"

"மழையில மறுபடி எழும்பியிருக்கும்ங்க," என்று அக்காக்காரி குறுக்கே விழுந்தாள். "ஈரத்துல அது சீக்கிரம்..."

"இல்லக்கா, விடு," என்றான் தம்பி. "மிதிக்கல மாமா. பொய் சொன்னேன். சகதியா இருந்துச்சு. குளிருச்சு. எப்படியும் நாளைக்கு மறுபடி எழும்பப் போவுதேன்னு விட்டுட்டேன்."

வாளிக்குள் மண் கீறுகிற சத்தம் கேட்டது. மேஸ்திரி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். எத்தனை நேரம் காத்திருந்தும் திரும்பவில்லை. மண்ணம்மா தர்மசங்கடமாக எழுந்து, "இதை அது இருந்த காட்டுலயே விடணும். நாளைக்குக் காலையில நீயும் கூட வர்றியா?" என்று தம்பியைக் கேட்டார். அவன் தலையாட்டினான்.

மறுநாள் மதியம் அக்காக்காரி வேலை முடித்து வந்தபோது மேஸ்திரி தூங்கிக்கொண்டிருந்தார், மண்மூஞ்சூறைக் காட்டில் விட்டு வந்த வாளி கட்டிலுக்குப் பக்கத்தில் காலியாக இருந்தது. அடுக்களையில் தம்பியின் தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அவனுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவன் ஒரு தட்டைக் கழுவியதில்லை. கொடியைப் பார்த்தாள், அவன் சட்டை இல்லை. மூலையைப் பார்த்தாள், பை இல்லை.

"என்னங்க! எழுந்திருங்க! அவன் போயிட்டான்!"

மேஸ்திரி திடுக்கிட்டு விழித்தார். "எவன்?"

"எவனா? என் தம்பிங்க! நீங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்கள்ல, அதுக்கப்புறம் அவன் சரியாவே திங்கல. பொய் சொன்னான், தப்புதான். எனக்கும் அன்னைக்கே தெரியும், நானும் சொல்லல, என்னையும் சேத்து அனுப்புங்க! ஆனா அவன் மிதிச்சிருந்தா நீங்க இன்னைக்கு இருப்பீங்களா? இதைக்கூடவா உங்களால யோசிக்க முடியல? அப்படி என்னங்க ஒரு கோவம்?"

"கோவமா?" என்றார் மேஸ்திரி. அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "யாருக்கு கோவம்?"

"பின்ன ஏன் சுவத்தைப் பாத்துப் படுத்தீங்க?"

அவர் போர்வையின் நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். "அழுகை வந்துடுச்சு," என்றார். "அந்தப் பய முன்னாடி அழச் சொல்றியா? அந்த அம்மா வேற உக்காந்திருக்கு."

அக்காக்காரிக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"நின்னுக்கிட்டிருக்கியே, என்னைத் தூக்கு," என்றார். "பஸ் வர்ற நேரம்."

"உங்களால எப்படி நடக்க முடியும்?"

"நடக்க முடியாதுதான். வெளியில தள்ளுவண்டி இருக்குல்ல?"

எரு அள்ளுகிற ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி. சாக்கை விரித்து, தலையணையை வைத்து, மாவுக்கட்டுக் கால் முன்னால் நீட்டிக்கொண்டிருக்க, மேஸ்திரி அதில் ஏறி உட்கார்ந்தார். அக்காக்காரி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளினாள். மண்ணும் எருவும் தள்ளிப் பழகிய கைதான், ஆனாலும் எரு இப்படி ஒவ்வொரு குழிக்கும், "அம்மா, மெதுவா, விலா, விலா!" என்று கத்தாது. வேலை முடிந்து போகிறவர்கள் வழிவிட்டு நின்று, "எங்க மேஸ்திரி, நாற்று நடவா?" என்றார்கள். "ஆமா, என்னையே நடப் போறா," என்றார் மேஸ்திரி. இறக்கத்தில் வண்டி அவளை இழுத்துக்கொண்டு ஓடியது.

பஸ் நிற்கிற இடத்தில் ஒரு கல் பெஞ்சு. அதில் பையை மடியில் வைத்துக்கொண்டு சாவகாசம் ஒருத்தன் மட்டும் உட்கார்ந்திருந்தான். தள்ளுவண்டியைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"பஸ்ஸு இன்னும் வரலையா?" என்று அக்காக்காரி மூச்சு வாங்கக் கேட்டாள்.

"போயிடுச்சுக்கா," என்றான் அவன் தலையைக் குனிந்துகொண்டு. "அந்த வளைவுல வரும்போதே பாத்தேன். ஓடியிருந்தா பிடிச்சிருக்கலாம்."

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விலாவைப் பிடித்துக்கொண்டு, வலி தாங்காமல், "ஐயோ, ஐயோ," என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். சிரித்தபடியே அழுதார், இந்தமுறை திருப்பிக்கொள்ளச் சுவர் இல்லை. அவன் பயந்துபோய் அக்காவைப் பார்த்தான்.

"இங்க வாடா. கிட்ட வா. என்னால எழுந்திருக்க முடியாது." அவன் வந்து தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "உள்ள கிடந்தப்ப எனக்கு மூச்சு அடங்கிக்கிட்டு வந்துச்சு. சரி, அவ்வளவுதான்னு நெனச்சேன். உங்கக்காவை நெனச்சேன். அப்ப கன்னத்துல சில்லுனு ஒரு காத்து. ஒரு இழை, அவ்வளவுதான். அதைப் போய் வாயால பிடிச்சுக்கிட்டேன். யாரோ ஒரு புண்ணியவான் நமக்குன்னு ஒரு வழி விட்டு வெச்சிருக்கான்னு தோணுச்சு. கடவுளேன்னு கும்பிட்டேன்டா. இத்தனை நாளும் படுத்துக்கிட்டு அதையே யோசிச்சிட்டிருந்தேன், யாரு அது, யாரு அதுன்னு. நேத்துதான் தெரிஞ்சுது, சகதிக்குப் பயந்த நீன்னு."

"மன்னிச்சிடுங்க மாமா."

"அடச்சீ, மன்னிப்பு கேட்டு என்னை இன்னும் அழ வைக்காத. நான்தான் உனக்குச் சொல்லணும். சொல்லத் தெரியல எனக்கு. பழக்கமில்ல." அவன் தலையில் கையை வைத்தார். நகம் பிய்ந்த அவன் விரல்களை எடுத்துப் பார்த்தார். "உன்னாலதான்டா மூச்சு விடுறேன். நீ விட்ட வழியாலயும், நீ தோண்டுன கையாலயும். இதை நான் மறந்தா மனுஷனே இல்ல."

அவன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். சற்றுக் கழித்து உள்ளேயிருந்தே கேட்டான். "அப்ப நாளையிலேருந்து மிதிக்க வேண்டாமா மாமா?"

"ஏன் வேண்டாம்? நாற்று யாரு, உங்க தாத்தாவா வளர்ப்பாரு? ஓரப் பாத்தியை மட்டும் விட்டுடு. அது மண்மூஞ்சூறோட பாத்தி. மத்ததெல்லாம் மிதிக்கணும். சகதியா இருந்தா சகதியா இருக்குன்னு சொல்லு, நான் இறங்கி மிதிக்கிறேன். பொய் மட்டும் வேண்டாம்."

"இனிமே பொய் சொல்ல மாட்டேன் மாமா."

"சரி, பையைக் குடு." பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச்சில்லை.

திரும்பும்போது முழுக்க ஏற்றம். தம்பி வண்டியைப் பிடித்துக்கொண்டான். பத்தடி தள்ளுவான், நிற்பான். மேஸ்திரி அவசரப்படுத்தவில்லை. அக்காக்காரி பின்னால் வெறுங்கையோடு நடந்தாள். அவளுக்கு யாரிடம் நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஓரப் பாத்தியின் சகதியையும், கீழே வந்த மேட்டையும், கண்ணில்லாத அந்தக் கறுப்பு உயிரையும், போய்விட்ட பஸ்ஸையும் நினைத்தாள். எல்லாம் நல்லா இருக்கட்டும் என்று வாய்விட்டே சொன்னாள்.

விறகு ஏற்றிய லாரி ஒன்று பின்னால் வந்து, வழியில்லாமல் நின்று ஒலி எழுப்பியது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, தள்ளுவண்டியையும் மாவுக்கட்டுக் காலையும் பார்த்துப் பதறினார்.

"என்னங்க ஆச்சு? எங்க கொண்டுபோறாங்க உங்களை?"

"ஒண்ணும் ஆகல தம்பி," என்றார் மேஸ்திரி வண்டியில் சாய்ந்தபடி. "உயிரோட இருக்கேன், அவ்வளவுதான். என் மச்சான் என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறான். மெதுவாத்தான் போவான். நீங்க கொஞ்சம் பொறுத்துக்கணும்."